அப்பாவின் காருக்குக் கூரை வந்துவிட்டது

தலை நரைத்த பிறகும் தலைக்கு மேல் ஒரு கூரை இல்லாமல் கார் ஓட்டித் திரிந்த என் அன்பு அப்பாவுக்கு,

கம்பளையில் வசித்துவரும் ஏழு கோழிகள் சென்ற சனிக்கிழமை தங்கள் கூரையை இழந்துவிட்டன என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன். சேவல் மட்டும் அதன் பிறகு கூவவே இல்லையாம். மற்றவை நலம்.

ஆமாம் அப்பா, நீங்கள் கண்டுபிடித்த அதே கூரைதான். உங்களுடையதைப் போலவே ஒரு ரெண்டு சீட்டுக் கார் அந்தக் கம்பளை வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது, கார் துருவாகிப் போய்க் கழற்றி மாட்டும் கூரை மட்டும் மிஞ்சியது, அதைக் கோழிக்கூட்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னீர்களே, அன்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பரீட்சையில் ‘ஏ’ வந்தபோதுகூட அப்படி ஒரு முகம் வரவில்லை. (சரி, வந்தது ‘சீ’தான்.)

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்பார்கள். நீங்கள் கூரையையும் கோழியையும் என் தலையில் கட்டிவிட்டு நேரே வைகுண்டம் போய்விட்டீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

கொரோனாக் காலம். ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. மஹய்யாவ மயானத்துக்குப் போன வண்டி நம் சந்து முனையைத் தாண்டித்தான் போனது. அம்மாவும் நானும் அங்கே நின்றோம். வண்டி நிற்கவில்லை. ஒரே மகன் நான், உங்களுக்குத் தோள் கொடுக்கவில்லை. இந்த வயதுக்குள் எத்தனையோ சேட்டை செய்திருக்கிறேன், தோள் வலிக்க ஒரு வேலை செய்ததில்லை. அந்த ஒன்றையாவது என்னைச் செய்ய விட்டிருக்கலாம் இல்லையா?

அதற்குப் பிறகு கார் தார்ப்பாயின் கீழே கிடந்தது. தமிழில் கார் என்றால் மழைமேகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் வீட்டில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றுதானே. துணிக்கூரை கிழிந்த நாளிலிருந்து சீட்டில் காளான் முளைத்தது. அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: “இந்த மழைக்குள்ள அதுக்கு ஒரு கூரை வந்தா வரட்டும். இல்லன்னா பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போகட்டும். தெனம் தெனம் அது நனையிறத என்னால பார்க்க முடியாது.”

என் கூட்டாளி பஸ்லானின் வாப்பாவிடம் லொறி இருக்கிறது. கூரைக்குப் பதிலாகக் கோழிகளுக்குப் புதுக் கூடு அடித்துக் கொடுப்பது என்று பேச்சு. பலகையும் கம்பிவலையும் ஏற்றிக்கொண்டு போனோம். கூட்டை நான் அடித்தேன். அது கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. கோழிகள் புகார் செய்யவில்லை.

கூரையைக் கழுவி, சிராய்ப்பு வராமல் இருக்க அந்த வீட்டு அம்மா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கொடுத்தார். லொறியில் மெத்தை விரித்து அதன் மேல் வைத்தோம். நான் கயிற்றை இழுத்த இழுப்பில் பஸ்லான் கத்தினான். “டேய், இறுக்க வாணாம்! கூரை வெடிப்பு விட்டிருமாம், வாப்பா சொல்றாரு.”

“லூசா விட்டா பறந்துரும்டா.”

“அதுக்குத்தானே ஒன்ன ஏத்தினது. மேல ஏறிப் படு.”

கம்பளையிலிருந்து பேராதனை தாண்டி வரும்வரை உங்கள் கூரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன் அப்பா. கோழி வாசம். ஆனாலும் விடவில்லை.

லொறி நம் சந்துக்குள் நுழையாது. முனையில் இறக்கி, நானும் பஸ்லானும் முன்னால், அவன் வாப்பாவும் லொறி கிளீனரும் பின்னால் என்று தோளில் தூக்கினோம். நாலு பேர். மேலே வெள்ளைத் துணி. அது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் பிள்ளையை உள்ளே இழுத்தார். கடைக்கார முத்தையா மாமா கதவில் பாதியைச் சாத்திவிட்டு, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

“யாருப்பா?”

“எங்க அப்பாவோடதுங்க மாமா” என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

“அவரு போயி ஏழு மாசமாச்சேடா!”

“அவரோட காருக் கூரை மாமா.”

“அட நாசமாப் போறவனே! வெளையாட ஒனக்கு வேற சாமானே கெடைக்கலயா?” துண்டால் என் முதுகில் ஒரு அடி போட்டார். பஸ்லான் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். கூரை ஆடியது.

மாமா சிரிக்கவில்லை. கடைக்கதவைத் திறக்கவும் இல்லை. துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு பின்னால் போய்க் கிளீனரிடம் சொன்னார்: “நீ வெலகு தம்பி. அன்னைக்கு எங்கள வர விடல.”

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவர் விலக ஒருவர் தோள் கொடுத்தார்கள். பஸ்லானும் அவன் வாப்பாவும்கூட இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தார்கள். நான் மட்டும் மாற்றவில்லை. “மாத்துடா” என்றார்கள், மாட்டேன் என்றேன். ஒரு சின்னப் பையன் தூக்கும் அளவுதான் பாரம். அதற்கு ஒரு சந்தே வந்தது.

அம்மா வாசலில் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். வேகமாக வந்து அந்த வெள்ளை விரிப்பை உருவி எடுத்துக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டார். “கூரைன்னா கூரையா கொண்டு வாங்க” என்றார்.

பூட்டியது நான்தான். பின்னால் இரண்டு நட்டு, முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கி. நான் பின் நட்டுகளை முதலில் முறுக்கி வைக்க, முன் கொக்கிகள் எட்டவில்லை. ஒரு விரல் இடைவெளி. எல்லாரும் யோசனை சொன்னார்கள். திரும்ப நட்டைத் தளர்த்தினேன். அப்போதும் எட்டவில்லை. அம்மா கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார். நனைகிற காரில் ஏறவே மாட்டேன் என்று இத்தனை வருடம் உங்களோடு சண்டை பிடித்தவர், இரண்டு கையாலும் கூரையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். கொக்கி ‘டக்’ என்று விழுந்தது.

“கோழி நாத்தம்” என்றார். ஆனால் இறங்கவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை உங்கள் பக்கத்து சீட்டில் அப்படியே இருந்தார்.

அன்று சந்தில் எல்லார் கண்ணும் கலங்கியிருந்தது. என்னுடையது இல்லை. இவன் கல்லுடா என்று பஸ்லானே சொன்னான். என் வேலையும் அப்படித்தான், ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்று சவால் விட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் பிடித்தது மழை. நான் போய் உங்கள் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மேலே என்ன சத்தம் தெரியுமா அப்பா! நீங்கள் ஒரு தடவையும் கேட்காத சத்தம்.

அம்மா குடையோடு வந்து கதவைத் திறந்தார். என் முகத்தையும் நனைந்த சட்டைக் காலரையும் பார்த்தார். “என்னடா, ஒழுகுதா?”

“ஆமாம்மா. ஒழுகுது” என்றேன்.

பாவம், ஓடிப்போய் ஒரு சட்டி கொண்டுவந்து சீட்டில் வைத்துவிட்டார். மூன்று நாளாக மழை. சட்டி காய்ந்துபோய்க் கிடக்கிறது. அம்மா காலையும் மாலையும் அதை எட்டிப் பார்க்கிறார், என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

கூரை ஒழுகவில்லை அப்பா. இன்றைக்கு அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, அந்தச் சட்டியை நானே எடுத்துவிடுவேன். இது சேட்டை இல்லை, சத்தியம்.

ஒரு பக்கத் தோள் இன்னும் வலிக்கும்
உங்கள் மகன்,
தினேஷ்