காலை என்று எழுதிய சீட்டு

என் கண்ணுக்குள் இருக்கும் விஜயாக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் உன்னோடு வேலை பார்த்த நர்ஸுகள் நடத்தும் பத்திரிகையில் வரப்போகிறது, நாலு பேர் படிப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த உன்னை, நோயாளிகளுக்குத் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றி, கதவில் ‘ரிஸ்க் மேனேஜர்’ என்று பலகை மாட்டினார்களே, அன்றிலிருந்து நீ எழுதிய நோட்டு. மாடியிலிருந்து குதிக்கிற வேலையா என்று நான் கேட்டதற்கு, “குதிக்கறவங்கள புடிக்கற வேலடி” என்றாய். என்ன தப்பு நடந்தது, எப்படி நடந்தது, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்தாய் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய்.

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூடக் காலண்டரில் குறித்து வைக்கிறவள் நான். உன் நோட்டைச் சும்மா விடுவேனா? தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு இரண்டு பக்கம் பிரதி எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் புரியாத வார்த்தைகளைத் தனித் தாளில் எழுதி, அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன். புத்தகமாகப் போட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்தது. பதினேழாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

அது உன் தப்பு, அக்கா. நீ நர்ஸாக இருந்தபோது நடந்தது. இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தாய். மாத்திரைச் சீட்டில் ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று உன் கையால் எழுதினாய். எந்த ஷிஃப்ட் என்று கேட்கவில்லை. இரவெல்லாம் உலை முன்னால் நின்றுவிட்டு அவர் விடிந்து வீட்டுக்கு வந்தார். எழுதியிருந்தபடி மாத்திரையைப் போட்டார். அது அவர் படுக்கிற நேரம், சாப்பிடாமல் தூங்கிவிட்டார். சர்க்கரை அடியோடு இறங்கி, மத்தியானம் எழுப்பினால் எழவில்லை. உயிர் பிழைத்தது, பேச்சு குழறிவிட்டது. வேலைக்கு அவர் திரும்பவே இல்லை.

அதற்குக் கீழே எழுதியிருக்கிறாய்: ‘காலை என்று எழுதக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்து சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, அந்த மணியை எழுத வேண்டும்.’

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா எங்களோடு சிரித்துப் பேசினாய்?

மாமாவிடம் காட்டினேன். உன் வீட்டுக்காரர் வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னா புஷ்பா, செத்துப் போனவள இஸ்துக்கினு வந்து கூண்டுல ஏத்தப் போறியா? அந்த ஒரு பக்கத்த கிழிச்சிடு. மீதியெல்லாம் நல்லாத்தான் கீது.”

“அந்தப் பக்கத்துலேர்ந்துதான மாமா மத்ததெல்லாம் வந்துச்சு?”

“நீ பேசுவ. இந்தத் தெருவுல நடக்கப்போறது நான்.”

அவர் சொல்வதும் நியாயம்தானே? செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் முன்னால் நின்று, கிழிக்கட்டுமா என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே ரத்த அழுத்தம் பார்க்கத் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸிடம் பேச்சுவாக்கில் உன் பதினேழாம் பக்கத்தைச் சொன்னேன்.

“எங்க கிட்டயும் போன மாசம் இப்டிதான்மா ஒருத்தர தூக்கிக்கினு வந்தாங்க” என்றாள். “நைட்டு டூட்டிக்காரரு. காப்பாத்த முடியல.”

கையில் கட்டிய பட்டை இறுகிக்கொண்டே போனது. ஒரே மாவட்டம், அக்கா. நீ கண்டுபிடித்து எழுதி எத்தனை வருஷம்? அது உன் பீரோவுக்குள் இருந்தது. உன் மேலதிகாரி “உள்ள நடந்தது உள்ளயே இருக்கட்டும்” என்றார் என்று நோட்டிலேயே இருக்கிறது. நீயும், “அச்சுக்கு எழுத நமக்கு யாருடி சொல்லிக் குடுத்தா” என்று விட்டுவிட்டாய்.

உன் வேலையைச் செய்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் கேட்கிறேன். உங்கள் மேஜைக்குள் எத்தனை நோட்டு இருக்கிறது? நடை நன்றாக இருக்க வேண்டாம். நோயாளி பெயர் வேண்டாம். நடந்ததையும் நீங்கள் மாற்றியதையும் எழுதி அச்சுக்குக் கொடுங்கள். பக்கத்து ஊர் நர்ஸுக்குத் தெரியாமல் போனால், நீங்கள் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பிறகு, நீ மாத்திரை கொடுத்தவரின் வீட்டை விசாரித்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். உன் தங்கை என்றும் பதினேழாம் பக்கத்தைப் பற்றியும் சொன்னதும், அவர் மனைவி கதவை மறித்தபடி நின்றுதான் பேசினாள்.

“தெரியும். உங்க அக்காவே வந்து, எம்மேலதான் தப்புன்னு சொல்லி இங்க உக்காந்து அழுதாங்க. நான் தண்ணிகூட குடுக்கல. இன்னிக்கும் கோவம் போகலம்மா, பொய் சொல்லக் கூடாது.”

“புஸ்தகத்துல போடட்டுமா?”

உள்ளேயிருந்து அவர் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. “ஒண்ணுமில்ல, நீ படு” என்று உள்ளே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“போடுங்க. இவரு பேரு வேணாம். ஆனா உங்க அக்கா வந்து சொன்னாங்களே, அதையும் போடுங்க. வேற ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல.”

நேற்று மாமாவிடம் சொன்னேன்.

“அழுதாளா?” என்றார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார்.

அந்தம்மா சொன்னதையும் சேர்த்து, டி.டி.பி. சென்டரில் எல்லாப் பக்கமும் கொடுத்துவிட்டேன், அக்கா. அட்டையில் உன் முழுப் பெயர் வரும். முதல் பிரதியை மாமா கையில் கொடுப்பேன். அவர் பதினேழாம் பக்கத்தைக் கிழித்தாலும் கிழிப்பார். கிழித்தால் சண்டை போடமாட்டேன். இன்னொரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன். அதையும் கிழித்தால் இன்னொன்று. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
புஷ்பா