ஏலச்செடிக்குக் கட்டிய சேலை

மரியாதைக்குரிய சம்பந்தி,

உங்கள் நினைவு ஏலக்காய் வாசனையோடுதான் வந்திருக்க வேண்டும். காலமெல்லாம் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் வந்தது ஆட்டுப் புழுக்கை வாசனையில். ராசிங்காபுரத்திலிருந்து ஒரு லோடு எருவைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். தெருவே மூக்கைப் பொத்தியது. எனக்கு மட்டும் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாசி பிறந்துவிட்டது. தோட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கொல்லைப்புறத்தைக் கொத்தி, எரு கலந்து, பாத்தி கட்டி, வெயில் முற்றுவதற்குள் விதையை ஊன்றியாக வேண்டும். வருடாவருடம் எரு வந்த மறுநாள் நீங்கள் மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்குவீர்கள். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே, "என்ன சம்மந்தி, சோலி ஆரம்பிச்சிருவமா?" என்பீர்கள். இந்த வருடமும் பழக்கதோஷத்தில் மறுநாள் காலை இரண்டு தடவை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படிக்கட்டில் தொங்கியவன், சீட்டுக்குத் துண்டு போட்டவன், டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடித்தவன் என்று ஒருவரையும் சும்மா விட்டதில்லை. அப்படிப்பட்டவனை வாயடைக்க வைத்த ஒரே ஆள் நீங்கள்தான். பெண்ணைக் கொடுத்தவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது? நீங்களோ மகள் வாழ்கிற வீடு என்று வாசலிலேயே குரலைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிற மனிதர். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் வீட்டில் "இருக்கட்டும் சம்மந்தி", "அதனாலென்ன சம்மந்தி" என்ற இரண்டு வசனம்தான் ஓடும்.

அந்த மரியாதையில் முளைத்ததுதான் அந்த ஏலச்செடி.

கல்யாணம் முடிந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். நீங்கள் கொண்டுவந்த ஏலக்காயைத்தான் பாயசத்தில் தட்டிப் போட்டிருந்தாள் என் வீட்டுக்காரி. பேச்சு ஓடவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "என்னா வாசம் சம்மந்தி! நம்ம கொல்லையில ஒரு ஏலச்செடி இருந்தா எப்படி இருக்கும்!" என்று சொல்லிவைத்தேன். நீங்களும் "அதுக்கென்ன சம்மந்தி" என்றீர்கள். வெற்றிலை போடும்போதே எனக்கு அது மறந்துபோயிற்று.

அடுத்த மாசியில், ஈரச் சாக்கில் சுற்றிய மூட்டையைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். உள்ளே வேரோடு ஏலக்கன்று. எங்கள் போடி வெயிலில் துவைத்துப் போட்ட துணி கொடியில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். மேகத்துக்குள் வளர்கிற செடியை இங்கே எதற்குக் கொண்டுவந்தார் என்று திகைத்துப் போனேன். பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெற்ற மனது, தன் மலைச் செடியை மகள் வீட்டில் பார்க்க ஆசைப்படுகிறார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? "ஆகா! பிரமாதம் சம்மந்தி!" என்றேன்.

நடுவதற்குக் குழி வெட்ட வேண்டும். சம்பந்தியை மண்வெட்டி பிடிக்க விட்டான் என்று ஊர் பேசாதா? பிடுங்கினேன். மாப்பிள்ளையின் அப்பா கொத்த, பெண்ணின் அப்பா பார்த்துக்கொண்டு நிற்பதா என்று நீங்கள் திருப்பிப் பிடுங்கினீர்கள். ஒரு காம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, "நீங்க உக்காருங்க சம்மந்தி", "நீங்க உக்காருங்க சம்மந்தி" என்று கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அடுத்த வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடிவந்தார். வெயில் உச்சிக்கு ஏறியதும் இருவரும் மோர் குடிக்க உள்ளே போனோம். திரும்பி வந்தால் குழியும் வெட்டி, வெண்டைக்கும் கத்தரிக்கும் பாத்தியும் கட்டி முடித்து, என் வீட்டுக்காரியும் உங்கள் மகளும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பணி கழிஞ்சுச்சா?" என்று, வேலை முடிந்ததா என்பதை மலையில் பழகிய மலையாளப் பேச்சில் கேட்டீர்கள்.

"கழிஞ்சுச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னொரு சொம்பு மோரு குடிங்க," என்றாள் என் வீட்டுக்காரி.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. செடிக்கு நிழல் வேண்டும் என்றீர்கள். கொல்லையில் இருந்த முருங்கையின் நிழல் போதவில்லை. நாலு கம்பு நட்டு, மேலே என் வீட்டுக்காரியின் பழைய நூல் சேலைகளைக் கட்டினோம். கல்யாணத்தில் நீங்கள் அவளுக்கு எடுத்துக் கொடுத்த கிளிப்பச்சைச் சேலை ஒருநாளும் உடுத்தாமல் பீரோவில் கிடந்தது. அது மட்டும்தான் தப்பித்தது. "கலரு ரொம்ப நல்லாருக்குண்ணே" என்று உங்களிடம் சொன்னவளும் அவள்தான். மரியாதை என்ற நோய் அவளையும் விட்டுவைக்கவில்லை.

காலையும் மாலையும் இலையில் பனிபோலத் தண்ணீர் தெளிக்கச் சொன்னீர்கள். சலூன்காரரிடம் சொல்லி, தலையில் பீச்சியடிக்கிற பாட்டில் ஒன்று வாங்கிவந்தேன். ஒரு பஸ் கூட்டத்தையே அடக்கியவன், ஒரு செடிக்கு முகச்சவரம் செய்யப் போகிறவனைப்போல் குனிந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வராத நாட்களில்கூட செடி குளித்தது, நான் குளிக்கவில்லை. இழுத்துக் களை பிடுங்கினால் பதறிப்போய், "மெதுவா, மெதுவா. செடி கோவிச்சுக்கும் சம்மந்தி," என்பீர்கள். செடிக்கு இருந்த அந்த உரிமை எனக்கு இல்லை.

அது சாகவும் இல்லை, காய்க்கவும் இல்லை. நுனி கருகிய இலைகளோடு இடுப்புயரம் வளர்ந்து, வருகிறவர்களை எல்லாம் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பூச்சரம்கூட வரவில்லை. கொல்லையிலேயே ஈரம் தங்குகிற ஒரே மூலையை அது பிடித்துக்கொண்டதால் என் வீட்டுக்காரி வருடாவருடம் அவரைப்பந்தல் கேட்டுத் தோற்றாள். ஒவ்வொரு மாசியிலும் நாம் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்போம்.

"இந்த வருஷம் தெளிச்சியா இருக்கு சம்மந்தி," என்பேன்.

"காய்க்காம எங்க போகப் போகுது?" என்பீர்கள்.

போன மாசியிலும் அதையேதான் சொன்னீர்கள். அப்போதே உங்களுக்கு மூச்சு வாங்கியது. மண்வெட்டியை நான் எடுத்தபோது நீங்கள் பிடுங்க வரவில்லை. போய் முருங்கையடியில் உட்கார்ந்துகொண்டீர்கள். அன்றைக்கு மண்ணைக் கொத்துவதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை, சம்பந்தி. மழைக்காலம் முடிவதற்குள் மலையிலிருந்து செய்தி வந்துவிட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எருவை அள்ளிக் கொல்லையில் போட்ட அன்று உங்கள் மகள் என்னிடம் வந்து, "மாமா, அந்த ஏலத்தை எடுத்துருங்க. அத்தை அவரை போடட்டும்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

அவள் அப்பா வைத்த செடி. அதைப் பிடுங்கச் சொல்லி அவளே கேட்கிறாள் என்றால், மாமியாருக்காக விட்டுக்கொடுக்கிறாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்தும் என் பாழாய்ப்போன வாய், "சரித்தா, உன் இஷ்டம்," என்றது.

அதற்குப் பிறகு நான் கொல்லையின் மறுகோடியிலிருந்து கொத்த ஆரம்பித்தேன். கத்தரிக்குப் பாத்தி ஆயிற்று. வெண்டைக்கு ஆயிற்று. புடலைக்குப் பந்தல் போட்டேன். யாரும் கேட்காத கீரைக்கு இரண்டு பாத்தி கட்டினேன். மூலையை மட்டும் நெருங்கவில்லை. உங்கள் மகளும் அந்தப் பக்கமாகவே துணி காயப்போட வந்தாள், காய்ந்ததை எடுக்க வந்தாள், காயாததையும் எடுக்க வந்தாள்.

என் வீட்டுக்காரிதான் பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் இப்படிச் சுத்திச் சுத்தி வந்தா அது தானா எந்திரிச்சுப் போயிருமா? வெரசா வெட்டுங்க. விதையை ஊறப் போட்டுட்டேன்."

வேறு வழியில்லாமல் மண்வெட்டியை ஓங்கினேன். வெட்டு செடியை விட்டு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அடுத்தது அதற்கும் தள்ளி விழுந்தது. உங்கள் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மண்வெட்டியைக் கீழே போட்டேன். "என்னால முடியாதுத்தா. உங்கப்பா ஆசையா வச்சது. காய்ச்சா என்ன, காய்க்காட்டி என்ன, இருந்துட்டுப் போகட்டும்!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினேன்.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"அப்பாவுக்கு எங்க மாமா ஆசை? போடியில ஏலம் எந்தக் காலத்துலயும் காய்க்காதுன்னு அவருக்குத் தெரியாதா? 'ஒங்க மாமா வாய்விட்டுக் கேட்டுட்டாரும்மா. முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது'ன்னு பொலம்பிட்டே கொண்டாந்தாரு. வருசம் ஒருக்கா வந்து பாத்துட்டு, 'பாவம், சம்மந்தி இன்னும் நம்பிக்கிட்டு இருக்காரு'ம்பாரு."

"நான் எப்பத்தா கேட்டேன்?" என்றேன். கேட்கும்போதே பாயச வாசனை மூக்கில் ஏறியது.

உங்களுக்கு ஆசை என்று நான் தண்ணீர் பீச்சினேன். எனக்கு ஆசை என்று நீங்கள் மலையிறங்கி வந்தீர்கள். இரண்டு பேருக்குமே வேண்டாத செடி, இத்தனை வருடம் நம் மரியாதையைக் குடித்தே வளர்ந்திருக்கிறது. முருங்கையடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் நீங்கள் இல்லையே என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. இந்தக் கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என் சேலையெல்லாம் யாருக்காகக் கட்டுனீக?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அரிவாளோடு வருவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கிளிப்பச்சைச் சேலை இருந்தது.

"பழசெல்லாம் நைஞ்சுபோச்சு. வெயிலு வருது. இதக் கட்டுங்க," என்றாள். பிறகு உங்கள் மகளைப் பார்த்து, "அவரையைத் தொட்டியில போட்டுக்கிறலாம்," என்றாள்.

கட்டிவிட்டோம், சம்பந்தி. உங்கள் மகள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன். இலையில் பச்சை நிழல் விழுந்திருக்கிறது. சலூன் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். எனக்கு அந்தச் செடி வேண்டும். இந்தத் தடவை மரியாதைக்குச் சொல்லவில்லை.