உன் பெயரில் ஓர் ஏலம்

பிரியமுள்ள மதினி,

உன் பெயர் இன்னும் கணினித் திரையில் இருக்கிறது. என் கோபமே அதனால்தான்.

நம் ராஜபாளையம் அலுவலகத்தில் நீ வடிவமைத்த ஏலம் திங்கட்கிழமை முதல் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஓடப்போகிறது. அந்த ஏட்டின் அடுத்த பக்கமான பிளாக்கில் யாருடைய பரிவர்த்தனை முன்னால், யாருடையது பின்னால் என்று முடிவு செய்யும் ஏலம். நீ வைத்த விதி ஒன்றுதான். வரிசை உறுதியாகும் வரை யார் என்ன வாங்குகிறார் என்பது பூட்டிய உறைக்குள் இருக்க வேண்டும். பணத்தைப் பிணையாக வைத்து பிளாக் கட்டும் வேலிடேட்டருக்கும் அது தெரியக்கூடாது.

உறையை எடுத்துவிட்டார்கள்.

இனி ஒருவர் வாங்க வருவதைப் பார்த்துவிட்டு, வேலிடேட்டருக்கு அதிகம் கொடுப்பவன் முன்னால் நுழையலாம். வாங்கி, விலையை ஏற்றி, அவருக்கே விற்கலாம். இதற்கு ‘நியாய வரிசை’ என்று பெயர். வடிவமைத்தவர் நீயாம்.

மேலாளரிடம் கேட்டேன்.

“உறை இருந்தா வேகம் கொறையுதும்மா. வேலிடேட்டர் ஒருத்தனும் வரமாட்டான். அவிய பேரை எடுக்கலையே, மரியாதையாத்தான வச்சிருக்கோம்?”

“ஏலம்ங்கிற வார்த்தையைத் தவிர அவ எழுதுனது எதுவும் அதுல இல்லை சார்.”

அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார் தெரியுமா? நான். உன் பதினாறாம் நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒப்புதல் கேட்டு போன் அதிர்ந்தது. தலைப்பில் உன் பெயர். படிக்காமல் அழுத்தினேன். உன் பெயருக்கு மறுப்புச் சொல்ல அன்று மனம் வரவில்லை. தெரிந்துதான் அன்றைக்கு அனுப்பினார்களா?

உன் பெயரை எடுக்கச் சொல்லப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். சோறு பிசைவதை நிறுத்தினான்.

“இருந்துட்டுப் போகட்டுமேட்டி. ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. அது ஒண்ணுதான் பாக்கி.”

“களவாணித்தனத்துக்கு அவளைக் காவல் நிறுத்திருக்காங்கண்ணே.”

“யாருக்கு நட்டம்?”

“சின்னதா வாங்குறவங்களுக்கு.”

“அவ இருந்தா என்ன சொல்லியிருப்பா?”

நீ திட்டியிருக்கக்கூடிய வார்த்தைகளை அண்ணன் முன்னால் சொல்ல முடியாது; ‘எடுக்கத்தான் சொல்லியிருப்பா’ என்று மட்டும் சொன்னேன்.

“சரி, எடு,” என்றான். “நான் பாக்கையில எடுக்காத.”

நாளை அவன் மில்லுக்குப் போன பிறகு, உன் பெயரை எடுக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவேன். படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவள் நான், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. வேலை போகலாம். போகட்டும். உன் வடிவத்தை உறையோடு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவில் வைப்பேன். அதில் உன் பெயர் இருக்கும். சாயங்காலம் அவன் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுப்பேன்.

கையெழுத்துப் போடும் முன் இனி எதையும் படிக்கும்,
உன் நாத்தனார்