நைனாவின் புது வலை

மாமல்லபுரம் குப்பம்
4-2-1976, புதன் இரவு

அன்புள்ள ரத்னா அக்காவுக்கு அஞ்சலை எழுதுவது. அம்மா தூங்குகிறாள். சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

உங்கள் கால் எப்படி இருக்கிறது? காஞ்சிபுரம் கூடாரத்தில் மறுபடியும் ஊஞ்சல் பாரில் ஏறுகிறீர்களா? செங்கல்பட்டு சர்க்கஸில் கால் ஒடிந்து செங்கம்மாள் சித்தி வீட்டில் இருந்தபோது நீங்கள் கற்றுக்கொடுத்த வித்தையை, நீங்கள் போன பிறகும் இங்கே பொம்பளைகள் விடவில்லை. புருஷனிடம் அடிபட்டவர்கள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், எட்டுப் பேரும் சாயங்காலம் சவுக்குத்தோப்பில் வலையைக் கட்டிப் பழகினார்கள். அம்மாகூட சித்தி தோள்மேல் ஏறி நின்று, கண்ணைத் திறந்தபடியே பின்பக்கமாக வலையில் விழுந்தாள். "தொட்டில்ல கெடக்கற மாரி கீதுடி" என்று சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பொம்பளை கால் பட்ட வலையில் மீன் ஏறாது என்பார்கள். அதனால்தான், மீன்பிடிக்க ஆகாதென்று கழித்துப்போட்ட வலையாக நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்கள். போன வாரம் அது நடுவில் கிழிந்துவிட்டது. நான் ஓடிப்போய், நைனா பரணில் வைத்திருந்த புது வலையை எடுத்து வந்தேன். அம்மா வேண்டாம் என்றாள். ஒரே ஒரு தடவை என்று நான்தான் கெஞ்சினேன். நீலமேகம் மாமா பார்த்துவிட்டார்.

அதிலிருந்து ஊரில் யாருக்கும் மீன் இல்லை. நேற்று பஞ்சாயத்தில் வலையை எடுத்தது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் எட்த்தேன்" என்றாள் அம்மா. நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா ஆதியம்மா, உன் சர்க்கஸுக்கு டிக்கெட்டு எவ்ளோ" என்று நீலமேகம் மாமா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். "புருசன் வரட்டும், அவனே கேட்டுக்குவான்" என்று முடித்துவிட்டார்கள்.

மீன்பிடிக்கக் காக்கிநாடா போன நைனா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவருக்குச் சேதி போய்விட்டது.

இப்போது தோப்புக்கு யாரும் போவதில்லை. கிணற்றடியில் எங்களோடு பேசுவதும் இல்லை. இன்று என் பின்னலை அவிழ்க்க நான் கையைத் தூக்கினேன். அம்மா சட்டென்று தலையை மூடிக்கொண்டாள், பழையபடி.

அக்கா, ஞாயிறுக்கு முன்னால் வாருங்கள். கூடாரத்தில் சோறாக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அம்மாவைக் கூட்டிப் போங்கள். எனக்கு முழுப் பரீட்சை இருக்கிறது, நான் இருந்துகொள்கிறேன். வலையை எடுத்தது யார் என்று நைனாவிடம் நானே சொல்வேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள். என்னைப் பார்த்தால் அம்மா கிளம்ப மாட்டாள்.

உங்கள் கால் சீக்கிரம் நேராக வேண்டும்.

இப்படிக்கு,
அஞ்சலை