தலைகீழ்ப் பெயரிலிருந்து ஆரம்பிங்க

பெயின்டர் ஐயாவுக்கு,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவி மாடி வீட்டு அக்காகிட்ட இருக்கு.

நேத்து உங்க கட்டுரையைப் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். "படிக்கக் கத்துக்கிட்ட கதையை எழுதுங்க"ன்னு சாயங்கால வகுப்பு டீச்சர் சொன்னா, "கல்வி ஓர் ஒளிவிளக்கு"ன்னா ஆரம்பிப்பாங்க? அது யார் கதை?

எழுத்தே தெரியாம பன்னிரண்டு வருஷம் பேர் எழுதின ஆளு நீங்க. மாதிரித் தாளைத் தலைகீழாப் பிடிச்சு, பல் டாக்டர் சுவத்துல அவர் பேரைத் தலைகீழாவே எழுதி, தள்ளி நின்னு அழகு வேற பாத்தீங்களே, அங்கேருந்து ஆரம்பிங்க. மானம் போனா போகுது.

கடைசியில "அனைவருக்கும் நன்றி" வேண்டாம். நீங்க என்ன மேடையிலயா நிக்கிறீங்க? இன்னைக்கே கொடுக்கணும், மறந்துடாதீங்க.

இன்னொண்ணு. முடிவு வரலைன்னா இதைப் போட்டுக்கோங்க: முன்னெல்லாம் சாப்பாட்டுக்குச் சட்டி படமும், சாவிக்குச் சாவி படமும் வரைஞ்சு வச்சிட்டுப் போவேன். திட்டணும்னா மட்டும் எதை வரையறதுன்னு தெரியாம, வாயை மூடிக்கிட்டு வேலைக்குப் போயிருக்கேன். இப்பப் பாருங்க, ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கேன். நீங்களும் ஒரு வரி விடாம வாங்கிக்கிட்டீங்க.