பதினெட்டு நாள் அரசும் எங்கள் செயற்குழுவும்

2006 நவம்பர் 11, சனி

மழை. பனி என்று சொல்ல முடியாத சேறு. ஹவுகன்ஸ்டுவா மண்டபத்தில் தமிழ்ப் பள்ளிப் பொதுக்கூட்டம். மூன்று மணிக்கென்று போட்டு நாலரைக்குத் தொடக்கம். வடை முழுக்க எண்ணெய்.

தலைவர் பதவிக்கு இரண்டு கோஷ்டி. ஒன்று மச்சான் சிறீயுடையது (என் மனைவி கலாவின் அண்ணன்), மற்றது கடைக்காரர் பாலாவுடையது. ஆறு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் போட்டியிட வெட்கம். சபை ஏகமனதாகக் கேட்டால்தான் வருவார்களாம். அவர் வாய் திறக்கட்டும் என்று இவர், இவர் திறக்கட்டும் என்று அவர். அந்த இடைவெளியில் யாரோ யோகராணி அக்காவை முன்மொழிய, யாரோ வழிமொழிய, கைதட்டல். அக்கா மருத்துவமனைத் தாதி. மண்டபத்தில் அவருக்கென்று பத்துப் பேர் இல்லை.

"நீரும் நிண்டால்தான் தம்பி நான் நிப்பன்" என்றார். "ஓம்" என்றேன். நான் செயலாளர். ஆசையும் இருந்தது, பொய் எதற்கு.

நவ. 14, செவ்வாய்

முதியோர் இல்லச் சமையலறை, ஏழு முதல் மூன்று. சட்டை முழுக்க அவித்த முட்டைக்கோவா நாற்றம்.

டிசம்பர் 6 வரலாறு, வாய்மொழிப் பரீட்சை. தேறினால்தான் ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நாற்பத்தொரு வயதில்.

இன்று படித்தது: 1928, நொர்வேயின் முதல் தொழிலாளர் கட்சி அரசு. பதினெட்டே நாள். பெரிய கட்சிதான், ஆனால் பெரும்பான்மை இல்லை. மற்றக் கட்சிகள் தங்களுக்குள் ஒத்துப்போகாததால் அரசர் இவர்களைக் கூப்பிட்டார். வந்த கையோடு, சோசலிச சமுதாயத்துக்கு வழி திறக்கப் போகிறோம் என்று அறிக்கை வாசித்தார்கள். வங்கிகள் தள்ளாடிய நேரம். காசுக்காரர்கள் காசை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அதுவரை அடிபட்டுக்கொண்டிருந்த கட்சிகள் ஒன்றாகின. நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதோடு சரி.

புத்தக ஓரத்தில் எழுதினேன்: வாயைக் கொஞ்சம் மூடியிருக்கலாம்.

நவ. 18, சனி

முதல் பெற்றோர் கூட்டம். அக்கா அறிக்கை வாசித்தார், இரண்டு பக்கம்.
– ஆசிரியர்கள் எல்லோரும் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும்.
– ஆண்டு விழாவில் விளக்கேற்றுபவர் சீட்டுக் குலுக்கித் தெரிவு.
– பிள்ளைகள் மேடையேறும் வரிசை வகுப்புப்படி. அப்பா யாரென்று பார்த்து அல்ல.

மூன்றும் நியாயம். மூன்றையும் ஒரே நாளில் சொன்னது பைத்தியம். 1928ஐப் படித்துவிட்டு அந்த மண்டபத்தில் இருந்தவன் நான் ஒருத்தன். வியாழன் இரவு தட்டச்சு செய்து கொடுத்ததும் நானே. 'ஒன்றை மட்டும் வாசியுங்கோ அக்கா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு கோஷ்டியின் முகமும் போகிற போக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன். சின்னப் புத்தி.

தேநீர் நேரம், மச்சானும் பாலாவும் ஒரே மேசையில். பாலா மச்சானின் கோப்பைக்குச் சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

கார்த்திக் (சென்னை, கணினி வேலை, மகள் முதலாம் வகுப்பு) காதுக்குள்: "விளக்கு ஏத்தறதுக்கா சார் இவ்ளோ டென்ஷன்?"

நவ. 22, புதன்

கலாவுடன் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி. திரைச்சீலை பார்க்க. கலா மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள்.

"பதினொரு வருசம் படிப்பிச்சனான். இப்ப நான் விண்ணப்பம் எழுத வேணுமோ? எங்களுக்கு வந்த கடிதத்திலை உங்கடை கையெழுத்து."

கடை நடுவில் நின்று சொன்னாள். குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டம். திரைச்சீலை வாங்கவில்லை.

மாலை மச்சான் தொலைபேசியில். "இரண்டாம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வாறம். நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். கை எண்ணுறது செயலாளர்தானே? உன்ரை கையையும் சேர்த்து எண்ணு."

டிச. 2, சனி

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

அக்கா கேட்டார்: "கை உயர்த்தாமல் சீட்டிலை எழுதிப் போடுவமே?" மண்டபம் சிரித்தது. இங்கே வாக்கெடுப்பு என்றால் கைதான். யார் கை யாருக்கு என்று பார்க்கத்தானே பாதிப் பேர் வருவது.

பேனாவோடு வரிசை வரிசையாக எண்ணினேன். முதல் வரிசையில் கலா, கை மேலே. கார்த்திக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கு இங்கே மச்சான் இல்லை. கடைசி வரிசை எண்ணித் திரும்ப, மேடையடியில் நின்று சிறீ: "செயலாளரின்ரை கை?"

உயர்த்தினேன். பேனா பிடித்த கை. பிறகு அதையும் கூட்டி மொத்தத்தை நானே ஒலிவாங்கியில் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் அருவருப்பு.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். அக்காவின் தலைமை இருபத்தொரு நாள். 1928ஐ விட மூன்று கூட.

டிச. 3, ஞாயிறு

கலா இடியப்பம் அவித்தாள். இரண்டு கிழமைக்குப் பிறகு சிரித்துக் கதைத்தாள். இரண்டு இடியப்பத்துக்கு மேல் இறங்கவில்லை.

டிச. 6, புதன்

பரீட்சை, பத்து மணி. வெளிச்சம் வந்தும் வராமலும். என்னிடம் வந்த கேள்வி: 1928 அரசு ஏன் அவ்வளவு விரைவில் விழுந்தது? அறிக்கை, வங்கி, காசுக்காரரின் பயம், மற்றவர்கள் ஒன்றானது, எல்லாம் சொன்னேன். நொர்வேஜிய மொழி தடக்கவில்லை.

பரீட்சகர் வயதானவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து யாராவது எதிராக வாக்களித்தார்களா?"

"இல்லை. ஒருவரும் இல்லை."

சரி என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். ஆறுக்கு ஐந்து புள்ளி.

வெளியே வந்து, அணைத்திருந்த கைப்பேசியைப் போட்டேன். காலையில் வந்த குறுஞ்செய்தி, யோகராணி அக்கா: 'இண்டைக்குத்தானே பரீட்சை. நல்லாச் செய்யும் தம்பி.'

பதில் இன்னும் போடவில்லை.