மூக்கு வழியாக வந்த தூக்கம்

இராயபுரம், 1951
சேசு மரி சூசை துணை

அன்புள்ள அடைக்கலமேரிக்குச் சவரிமுத்து எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தையும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

மேரி, நான் தூங்கிவிட்டேன்! வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டு, விடியும்வரை தூங்கினேன்!

மூக்கடைப்பால் நான் படும் பாடு உனக்குத் தெரியும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்க வந்தபின் அது மோசமாகி, கண்ணை மூடினாலே மூச்சு முட்டியது. போன வாரம் வேலையில் கூடையோடு நின்றபடியே கண்ணயர்ந்து சாய்ந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. என் அறையில் தங்கியிருக்கும் ராமதாஸ் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாமு, நின்னுகினே தூங்குற! கடல்ல வுழுந்திருந்தா உன் பொஞ்சாதிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று திட்டி, கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். மூக்குக்குள் வளர்ந்து வழியை அடைத்திருந்த சதையை டாக்டர் எடுத்துவிட்டார்.

மூக்கில் வைத்த பஞ்சை எடுத்த பிறகுதான் அந்தத் தூக்கம். காலையில் விழித்தால், ராமதாஸ் என் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! "கொறட்டை சத்தமே இல்ல மாமு, ரொம்ப பேஜாரா பூட்ச்சு" என்றான்.

இப்போது வாசனையும் தெரிகிறது! கருவாடு, கரிப்புகை, டீக்கடையில் காயும் பால் எல்லாம் தனித்தனியாக வருகின்றன.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது தலையணை உறை ஒன்றும் கொஞ்சம் சுக்கும் கொடுத்தனுப்பு. சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓட வேண்டும். குழந்தையின் சட்டை ஒன்றும் வை, துவைக்காமல். எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன், அவள் வாசனை மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.

உன்
சவரிமுத்து